கொன்செப்ட் காரின் மூக்கில் எத்தனை துளை வேண்டும்?

புதிய யோசனையைக் கண்காட்சியில் காட்டுவதற்காகச் செய்யப்படும் மாதிரிக் கார்தான் கொன்செப்ட் கார். ஸ்போர்ட்ஸ் கொன்செப்ட் கார் வரைபவருக்கு முன்பக்கம் வழுவழுவென்று மூடியிருக்க வேண்டும். அதற்குள் புதுவகை இயந்திரத்தைப் பொருத்துபவருக்கோ அதே இடத்தில் துளை வேண்டும். இந்த இழுபறியை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொண்ட கார்களுக்கும், கடைசி மாதம்வரை தள்ளிப்போட்ட கார்களுக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

2010இல் பரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜகுவார் வைத்த சி-எக்ஸ்75 முதல் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் 145 கிலோவாட் மின்மோட்டார். இருக்கைகளுக்குப் பின்னால் தலா 35 கிலோ எடையில் இரண்டு சின்ன வாயு டர்பைன்கள். இவை சில்லுகளைச் சுழற்றவில்லை. நிமிடத்துக்கு 80,000 சுற்றில் ஓடி, தலா 70 கிலோவாட் மின்சாரம் உற்பத்தி செய்தன. டர்பைன் காற்றை அள்ளி விழுங்கும் இயந்திரம். எரிபொருள் எரியத் தேவையானதைப்போல மூன்று நான்கு மடங்கு காற்று, எரிந்த வாயுவின் சூட்டைத் தணிக்கவே உள்ளே போகும். இல்லாவிட்டால் டர்பைனின் அலகுகள் உருகும். எனவே அந்தக் காரில் காற்று வரும் வழியும் போகும் வழியுமே வடிவத்தின் அடித்தளம். காற்று நுழையும் முன்வலையான கிறில்லும் பிரேக்கைக் குளிர்விக்கும் துளைகளும் தேவைப்பட்டபோது மட்டும் திறந்தன; பின்பக்க அடியில் இருந்த காற்றுத்தகடு வேகம் கூடக்கூடத் தானாகக் கீழிறங்கியது. பின்னர் வந்த உற்பத்தித் திட்டத்தில் டர்பைன்களுக்குப் பதிலாக 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின் வந்தது. 2012 டிசம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. ஆனாலும் வடிவம் பெரிதாக மாறவில்லை. உள்ளே மாற்றி வைக்க இடம் விட்டு வரைந்திருந்தார்கள் என்பதே எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த விடயம்.

துளைக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? காற்றுத்தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) 0.30, முன்பக்கப் பரப்பு 2 சதுர மீற்றர் உள்ள கார் மணிக்கு 108 கிலோமீற்றரில் காற்றைப் பிளக்க ஏறக்குறைய 10 கிலோவாட் செலவிடும். 216 கிலோமீற்றரில் 78 கிலோவாட். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் வலு எட்டு மடங்காகிறது. உள்வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேற்றர் வழியாகப் போகும் காற்று மட்டுமே மொத்தத் தடையில் 5 முதல் 10 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளும்.

அதனால் ரேடியேற்றருக்குக் காற்றைக் கொண்டுபோகும் நல்ல குழாய் சின்ன வாயோடு தொடங்கி மெல்ல விரியும். விரியும்போது காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கூடாகக் காற்றைத் தள்ளுகிறது. பக்கச்சுவர் 10 பாகைக்கு மேல் சடுதியாக விரிந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். ரேடியேற்றரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்ய, ஓரங்கள் சும்மா கிடக்கும். ரேடியேற்றரைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் காற்று அதற்குள்ளால் நழுவிப் போய்விடும். அந்த இடைவெளியை நுரைப்பட்டியால் அடைக்காமல் துளையைப் பெரிதாக்குவது வீண்வேலை.

மின்சாரக் காருக்குத் துளையே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, திருகோணமலையில் நின்று கணக்குப் போட்டால் தவறு எங்கே என்று புரியும். பற்றரியிலிருந்து 300 கிலோவாட் எடுக்கும்போது 5 சதவீதம் உள்ளேயே வெப்பமானால் 15 கிலோவாட். பற்றரி 40 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. வெளியே 20 பாகை உள்ள ஊரில் வெப்பத்தைத் தள்ளிவிட 20 பாகை வித்தியாசம் கிடைக்கும். ஆடி மாதம் கச்சான் அடிக்கும்போது இங்கே 35 பாகையும் அதற்கு மேலும் வரும். மிஞ்சுவது 5 பாகை. அதே வெப்பத்தை வெறும் ரேடியேற்றரால் வெளியேற்ற நான்கு மடங்கு பெரிய ரேடியேற்றர் வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் அதற்கு இடமேது? ஆகவே ஏசியின் குளிர்வாயுவைக் கொண்டு பற்றரியையும் குளிர்விக்கிறார்கள். அதற்கு, அந்த வாயுவின் வெப்பத்தை வெளியே விடும் கொண்டன்சர் வேண்டும், கொண்டன்சருக்குக் காற்று வேண்டும். மூக்கில் துளை திரும்பவும் வந்துவிட்டது.

அதே ஏசியிடம் முன்கண்ணாடியும் பங்கு கேட்கும். 1970இல் பெர்தோனே நிறுவனம் காட்டிய லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஸீரோவின் உயரம் 84 சென்ரிமீற்றர்தான். முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே ஏறவேண்டும். சிற்பமாக அது அற்புதம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் திருகோணமலையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெயில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட். ஒன்றரைச் சதுர மீற்றர் கண்ணாடியைத் தரையிலிருந்து 25 பாகைச் சரிவில் படுக்கவைத்தால் அதன்மேல் விழுவது 1.36 கிலோவாட். 60 பாகைக்கு நிமிர்த்தினால் 0.75. கோட்டின் அழகுக்கான விலையை ஏசியின் கொம்பிரசர் கட்டுகிறது.

பற்றரி எங்கே இருப்பது என்பது இன்னொரு சண்டை. தரையில் விரித்தால் 12 முதல் 15 சென்ரிமீற்றர் தடிப்பு. இருக்கையும் கூரையும் அவ்வளவுக்கு உயரும். லோட்டஸ் எவியா, போர்ஷே மிஷன் ஆர் என்ற மின்சாரக் கார்கள் இரண்டிலும் அதை இருக்கைக்குப் பின்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் காரின் வடிவத்தைக் களிமண்ணில் செய்து பார்ப்பதற்கு முன் முடிவு செய்யவேண்டும். ஓட்டுநரின் இடுப்பு, நாலு சில்லுகள், பற்றரி, ரேடியேற்றர் ஆகியவற்றின் இடங்கள் அசையாப் புள்ளிகளாகக் குறிக்கப்படும். அதன்பிறகே முழு அளவில் கறுப்பு நாடாவால் சுவரில் கோடு ஒட்டுவார்கள். நுரைக்கட்டையின்மேல் சூடாக்கி இளக்கிய களிமண்ணைப் பூசி, இயந்திரத்தால் கடைந்து, கையால் வழிப்பார்கள். சில்லுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கண்ணுக்கு இனிமைதான். ஆனால் பள்ளத்தில் சில்லு 8 சென்ரிமீற்றர் மேலெழுந்து, கூடவே திரும்பவும் வேண்டும்; கண்காட்சிக் கார்களில் பல அதைச் செய்யாது.

வேகத்தடையும் அப்படித்தான். முன்சில்லுக்கு முன்னால் 1 மீற்றர் நீளும் மூக்கு தரையிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், 6 பாகைக்கு மேற்பட்ட ஏற்றத்தில் உதடு உரசும். மூக்கை 4 சென்ரிமீற்றர் உயர்த்தும் பம்பு வைத்தால் 8 பாகைவரை சமாளிக்கலாம்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பைக் கண்காட்சி மண்டபத்தில் யாரும் நினைப்பதில்லை. கார் உடலில் பயன்படும் காபன் நார் மின்சாரத்தைக் கடத்தும். அது அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் சின்னதொரு மின்கலம் உருவாகி, அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிபடும். முதலில் ஆணித் துளைகளைச் சுற்றித்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு படை கண்ணாடிநார் ஒட்டி, ரைற்றேனியம் ஆணியைப் பசையோடு இறுக்கினால் தப்பும்.

இனிக் கொன்செப்ட் கார்ப் படம் ஒன்றைப் பார்க்கும்போது முன்துளையோடு நிற்காமல் முன்சில்லுக்குப் பின்னாலும் பொனற்றின் மேலும் பாருங்கள். உள்ளே போகும் காற்று அழுத்தம் குறைந்த இடம் ஒன்றில் வெளியேறியாக வேண்டும். வாய் மட்டும் இருந்து, வெளியேறும் வழி எங்குமே இல்லாவிட்டால், அந்தக் கறுப்பு வலைக்குப் பின்னால் ரேடியேற்றர் இருக்க வாய்ப்பில்லை.