கார்டிசால்: மீனுக்கு இல்லாத பட்டையோட பேரு

கலர் மீன் வளக்குறவங்களுக்குப் பழகுன விஷயம் தான் இது, கடையில துள்ளிட்டு இருந்த கோல்டு ஃபிஷ்ஷ வலையில அள்ளி கவர்ல கட்டி கொண்டு வந்து நம்ம தொட்டியில விடுவோம், நாலஞ்சு நாள்ல வால்ல ரவைய தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துரும். கிருமி முன்னாடியே ஒட்டிட்டு இருந்திருக்கும், அத அடக்கி வச்சிருந்த எதிர்ப்பு சக்தி தான் இறங்கிப் போச்சு, அதுல பயந்தா உடம்புல ஊறுற கார்டிசால்ங்குற ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கு.

லத்தீன்ல கார்டெக்ஸ்னா மரப்பட்டை. மனுஷனுக்கு சிறுநீரகம் மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரீனல் சுரப்பியோட வெளிச்சுத்துல ஊறுறதால தான் கார்டிசால்னு பேரு. அந்த வெளிச்சுத்த தமிழ்ல புறணின்னு சொல்றோம், புறணின்னாலும் பட்டை தான், இவ்ளோ கச்சிதமா ஒரு கலைச்சொல் அமையுறது அபூர்வம்.

ஆனா மீனுக்கு அந்தப் பட்டையே கிடையாது! மீன் கழுவுறப்ப வயித்துக்குள்ள முதுகெலும்ப ஒட்டி ரத்தக்கட்டி மாதிரி கருஞ்சிவப்பா ஒண்ண நகத்தால சுரண்டி எடுப்போமே, அது தான் அதோட சிறுநீரகம், தலைப்பக்கம் இருக்குற பகுதிக்கு தலைச்சிறுநீரகம்னு பேரு. கார்டிசால் சுரக்குற செல்லுங்க அதுக்குள்ள ரத்தக்குழாய் ஓரமா சிதறிக் கிடக்கும். நமக்கு எலும்பு மஜ்ஜை பண்ற வேலைய மீனுக்குப் பண்றதும் அதே சதை தான், வெள்ளை அணுக்கள் அங்க தான் பிறக்குது. பயத்துல ஊறுற ஹார்மோனும் நோயோட சண்டை போடுற படையும் ஒரே வீட்டுல குடியிருக்கு.

வலை பட்டதும் இன்னொரு ஸ்ட்ரெஸ் ஹார்மோனான அட்ரினலின் நொடியில ஏறிரும், கார்டிசால் ஏற சில நிமிஷம் ஆகும். ட்ரவுட், சால்மன் வகையில சும்மா இருக்குறப்ப ஒரு மில்லி பிளாஸ்மாவுல, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதியில, கார்டிசால் பெரும்பாலும் 10 நானோகிராமுக்குள்ள தான் இருக்கும், மிரண்டா 40லருந்து 200 வரைக்கும் போகும். சீக்கிரம் இறங்கிட்டா பயமில்ல, எதிர்ப்பு சக்தி கொஞ்ச நேரம் கூடுறதும் உண்டு. நெரிசல், கெட்ட தண்ணின்னு நாள்கணக்கா இறங்காம நின்னா தான் ரத்தத்துல லிம்ஃபோசைட்ங்குற வெள்ளை அணு குறையும், கிருமிய மடக்குற ஆன்டிபாடி உருவாகுறதும் தளரும், பூஞ்சை ஏறும். முட்டையிட ஆத்துல எதிர்நீச்சல் போட்டு வர்ற பசிபிக் சால்மன் கடைசி நாள்கள்ல கார்டிசால் உச்சத்துல நிக்க, தோல்ல பஞ்சு பஞ்சா பூஞ்சையோட செத்து மிதக்கும்.

சரி, இந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன்ங்குறத தமிழ்ல என்ன சொல்றது? ஸ்ட்ரெஸ்ஸ மன அழுத்தம்னு எழுதுறாங்க, மீனுக்கு அது ஒட்டவே இல்ல, வெறும் அழுத்தம்னா தண்ணியோட பிரஷர்னு குழப்பும். பொறியியல்ல புழங்குற தகைவு எனக்குப் பிடிச்சிருக்கு, தகைதல்னா தடுக்குறது, கட்டுறது, ஸ்ட்ரெஸ்ஸோட லத்தீன் வேருக்கும் இறுக்கிக் கட்டுறதுன்னு தான் பொருள். ஹார்மோனுக்கு இயக்குநீர் ஏற்கனவே இருக்கு, ஹார்மோனோட கிரேக்க வேரும் கிளப்பிவிடுறதுன்னு தான் சொல்லுது. ஆக, தகைவு இயக்குநீர். அட்ரினலினும் இதுக்குள்ள அடங்கிரும். கார்டிசால மட்டும் கார்டிசால்னே விட்டுருங்க, புறணி இயக்குநீர்னு மீனப் பத்தின பாடத்துல எழுதுனா படிக்குற புள்ளைங்க இல்லாத புறணியத் தேடும்.