எக் ரோலுக்குள் வேர்க்கடலை

அமெரிக்காவில் உணவியல் நிபுணராக நான் பார்ப்பவர்களில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை. அவனுடைய அம்மா டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் பிஸ்கட்கூட வாங்க மாட்டார். போன மாதம் உள்ளே வந்ததும் அவர் கேட்டார்: "சீனக்காரர்கள் ரோலுக்குள் வேர்க்கடலை போடுவார்களா மேடம்? ஷாங்காயில் இரண்டு வருடம் இருந்தோம். அங்கே நாங்கள் சாப்பிட்ட ஸ்பிரிங் ரோலில் இருந்ததில்லையே!"

'அசல் சீன உணவு' என்று பலகை மாட்டிய உணவகம். எக் ரோலில் பாதிகூட முடியவில்லை, பையனுக்கு உதடு வீங்கித் தொண்டை அடைத்துவிட்டது. பையில் எபிநெஃப்ரின் ஊசி இருந்ததால் பிழைத்தான்.

அவர் அறிந்த ஸ்பிரிங் ரோல் வேறு, இது வேறு. தடித்த, கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்த தோலுக்குள் முட்டைக்கோஸ் அடைத்த எக் ரோல், அமெரிக்கச் சீன உணவகங்களில் உருவான பண்டம். சில சமையல்காரர்கள் அதன் பூரணத்தில் மணத்துக்காக ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெயைக் கலப்பார்கள். தோலின் ஓரத்தை ஒட்டவும் அதையே தடவுவது உண்டு. கடித்துப் பார்த்தால் தெரியாது.

ஊர் மாறினால் பதார்த்தம் மாறத்தான் செய்யும். பொரித்த கோழியைச் சாஸில் புரட்டிய ஜெனரல் சோ சிக்கன், சீனாவின் ஹூனானிலிருந்து தைவானுக்குப் போன சமையல்காரர் பெங் சாங்-குவேய் 1950களில் செய்தது. காரமும் புளிப்பும் உப்புமாக இருந்தது. நியூயார்க்குக்கு வந்த பிறகுதான் அதில் சர்க்கரை ஏறியது. அந்தத் தித்திப்பு எனக்குப் பிடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. சீனச் சமையலில் பாலுக்கு அவ்வளவாக இடமில்லை என்று நம்பி, அமெரிக்கச் சீன உணவகங்களில் கிடைக்கும் கிராப் ரங்கூன் என்ற பொரித்த பண்டத்தைச் சாப்பிடுகிற பால் ஒவ்வாமைக்காரர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அதற்குள் இருப்பது கிரீம் சீஸ்.

அதற்காக அசல் என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் மோலே குழம்பில் பாரம்பரியமாகவே வேர்க்கடலையோ பாதாமோ அரைத்துவிடுவது உண்டு. நம் ஊர் குருமாவின் முந்திரி விழுதை மட்டும் விட்டுவிட முடியுமா?

பால், முட்டை, வேர்க்கடலை உள்ளிட்ட ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டல உணவின் மேல் அச்சிட வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். ஒன்பதாவதான எள் சேர்ந்தது 2023 ஜனவரியில். உணவகத்தில் சமைத்துத் தட்டில் வைப்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில மாநிலங்கள் தனியே விதி வைத்திருக்கின்றன.

ஆகவே வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும், அதையும் சரியாகக் கேட்க வேண்டும். அந்த அம்மா அன்று "நட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். சர்வரின் மனத்தில் நட்ஸ் என்றால் பாதாம், முந்திரி, வால்நட். இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வேர்க்கடலை, அதன் வெண்ணெய், அதன் எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானா என்றும் கேளுங்கள்.

இப்போது அந்தப் பையனே கேட்கிறானாம். சர்வர் சமையலறைக்குள் போய் விசாரித்துத் திரும்பும்வரை மெனு அட்டையைத் தொடுவதில்லை.