டென்ஷன் நாபை முறுக்குறது பிரேக் இல்ல: பெய்ட்காஸ்டர் வச்சிருக்கவங்க ஒரு நிமிஷம் கேளுங்க

நாகர்கோவில்ல மீன்பிடி ரீல் சர்வீஸ் பண்றேன். பெய்ட்காஸ்டர்னா தூண்டில் கம்பு மேல குறுக்கா உக்காந்திருக்குற ரீலு, எறியும்போது லைன் (தூண்டில் நரம்பு) சுத்தி வச்சிருக்குற ஸ்பூல், அதாவது உருளை, தானும் சேந்து சுத்தும். என்கிட்ட வர்ற பெய்ட்காஸ்டிங் ரீல்ல நிறைய ஒரே புகாரோடதான் வருது, "அண்ணே, எறிஞ்சா லைன் சிக்குது, பிரேக் போயிட்டு போல." கையில வாங்கிப் பாத்தா பிரேக்குக்கு ஒரு கேடும் இருக்காது. ஹேண்டில் பக்கம் ஒரு சின்ன டென்ஷன் நாப் இருக்கும்ல, அதப் பல்லக் கடிச்சு முறுக்கி வச்சிருப்பாங்க, விரலால தள்ளுனாலும் ஸ்பூல் நகராது. மறுபக்கம் இருக்குற பிரேக் டயல் மட்டும் கடையில வாங்குன அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கயே கெடக்கும்.

முதல்ல இத தெளிவாக்கிக்கோங்க. ரீல்ல முறுக்குற சாமான் மூணு இருக்கு. ஹேண்டில் பக்கத்துல நட்சத்திரம் மாதிரி இருக்குறது டிராக், அது மீன் இழுக்கும்போது லைன் விட்டுக் குடுக்குறதுக்கு, எறியுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டென்ஷன் நாப் ஸ்பூல் தண்டோட நுனியில அமுக்கிப் பிடிக்குற ஒண்ணு, எறிய ஆரம்பிச்சதுல இருந்து லூர் (செயற்கை இரை) தண்ணியில விழுற வரைக்கும் ஒரே அளவுல அமுக்கிட்டே இருக்கும். உண்மையான பிரேக் உள்ளங்கை பக்கத்து பிளேட்ல இருக்கு, ஸ்பூல் வேகமா சுத்துனா அதிகமா பிடிக்கும், வேகம் குறைஞ்சா தானா விட்டுரும்.

சிக்கு ஏன் விழுதுன்னா, ராட, அதான் தூண்டில் கம்ப, வீசும்போது லூர் இழுக்குற இழுப்புல ஸ்பூல் சட்டுன்னு உச்ச வேகத்துக்குப் போயிரும், ஆனா லூர் கைய விட்டுப் போன உடனே காத்து அத மறிச்சு வேகத்தக் குறைக்கும், ஸ்பூலுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அதே வேகத்துல லைன வெளிய தள்ளிட்டே இருக்கும், போக வழி இல்லாத லைன் ஸ்பூல் மேலயே பொங்கி சுருண்டுக்கும். அப்போ பிடி அதிகமா வேண்டியது ஆரம்பத்துல, கடைசியில பிடி கம்மியா இருந்தாதான் லூர் தூரம் போகும். எல்லா நேரமும் ஒரே மாதிரி அமுக்குற நாப் இந்த வேலைக்கு ஆகுமா? அத முறுக்கி சிக்க நிறுத்துனா தூரம் பாதியாயிரும், தண்டு நுனியும் அதத் தாங்குற வாஷரும் சீக்கிரம் தேயும்.

பிரேக்ல ரெண்டு வகை அதிகமா பாக்கலாம். சென்ட்ரிஃபியூகல்ல ஸ்பூல் ஓரத்துல குட்டி குட்டி பிளாஸ்டிக் பின் இருக்கும், சுத்துற வேகத்துல அது வெளிய தள்ளப்பட்டு ஒரு வளையத்துல உரசும், வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும், அதனால ஆரம்பத்துல கெட்டியா பிடிக்கும். மேக்னெட்டிக்ல எதுவும் எதையும் தொடாது, அலுமினிய ஸ்பூல் காந்தத்துப் பக்கத்துல சுத்தும்போது உலோகத்துக்குள்ள மின்னோட்டம் உண்டாகி சுத்துறத எதிர்க்கும், டயல திருப்புனா காந்தம் கிட்ட வரும் இல்லன்னா தள்ளிப்போகும். டிசி (டிஜிட்டல் கண்ட்ரோல்) ரீல்னு விலை கூடுனது ஒண்ணு இருக்கு, ஸ்பூல் சுத்துறதுலயே கரண்ட் எடுத்து உள்ள இருக்குற சிப்பு பிரேக் போடும், பேட்டரி கெடையாது. அதுலயும் டயல நீங்கதான் சரியான எண்ணுல வைக்கணும், கேட்டியளா.

செட் பண்ற விதம் இதாக்கும். நாபை நல்லா தளத்திட்டு ஸ்பூல கட்டை விரலால இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடும், அந்த ஆட்டம் நிக்குற வரைக்கும் மட்டும் மெதுவா முறுக்கி அதோட விட்டுருங்க. பிரேக்க முக்கால் அளவுக்கு மேல வச்சு நிதானமா எறிஞ்சு பாருங்க, சிக்கலன்னா ஒவ்வொரு எண்ணா குறைச்சுட்டு வாங்க, லைன் லேசா பொங்குற இடம் வந்ததும் ஒரு எண் கூட்டிக்கோங்க, அந்த லூருக்கு அந்த நேரத்துக் காத்துக்கு அதான் அளவு. லூர தொங்கவிட்டு மெதுவா இறங்குற அளவுக்கு நாபை முறுக்குங்கன்னு பழைய முறை ஒண்ணு சொல்லுவாங்க, புதுசா பழகுறவங்களுக்கு அது சரிதான், ஆனா கை பழகுன பிறகும் அதுலயே நிக்காதீங்க.

சிக்கு எப்ப விழுதுன்னு கவனிங்க, அதுலயே பதில் இருக்கு. கைய விட்டுப் போன உடனே விழுந்தா பிரேக் பத்தல, இல்லன்னா நீங்க வெட்டி இழுத்து எறியுறீங்க. லூர் தண்ணியில விழுற நேரத்துல விழுந்தா அது கட்டை விரல் வேலை, எந்த டயலும் அதுக்கு ஈடாகாது, தண்ணியத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்பூல விரலால நிறுத்தியே ஆகணும்.

லூர் மாத்துனா செட்டிங்கும் மாறணும். எடை மட்டும் பாத்தா போதாது, குளத்துல விராலுக்குப் போடுற ரப்பர் தவளையும் அதே எடை மெட்டல் ஜிக்கும் (ஒடுக்கமான உலோக லூர்) ஒண்ணு இல்ல, தவளை காத்துல அகலமா மறிபட்டு சீக்கிரம் வேகம் எறங்கும், அதுக்கு பிரேக் கூட வேணும். அடுத்தது காத்து. நம்ம மாவட்டத்துல இத விட்டுட்டு ரீலப் பத்திப் பேசவே முடியாது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் அடிக்குற காத்த நம்பித்தான் முப்பந்தல்ல அவ்வளவு காத்தாடி நிக்குது, அதே மாசத்துல முட்டத்துலயோ குளச்சல்லயோ நின்னா கடல் காத்து நேரா மூஞ்சிலதான் அடிக்கும். காலையில மணக்குடி பொழியில (ஆறு கடல்ல சேருற இடம்) கொடுவா மீனுக்கு வச்ச செட்டிங்க அப்படியே கொண்டுபோய் சாயங்காலம் கடல்ல எதிர்காத்துல எறிஞ்சா முதல் வீச்சிலயே சிக்குதான். ரெண்டு மூணு எண் கூட்டிட்டு தாழ்வா எறியுங்க.

இவ்வளவு தூரம் நான் சொல்றதுக்கு முக்கியக் காரணம் இனிமேதான். சிக்கு விழுந்தா என்ன செய்யுறோம்? அலையத் தடுக்கக் கடலுக்குள்ள கல்லு போட்டிருக்குற தூண்டில் வளைவு மேல நின்னுட்டு, தலையக் குனிஞ்சு, கடலப் பாக்காம சிக்கெடுக்குறோம். நம்ம கடல்ல கள்ளக்கடல்னு ஒண்ணு இருக்கு, எங்கயோ தெற்க இந்துமாக்கடல்ல கிளம்புற அலை, இங்க காத்து மழை எதுவும் இல்லாதப்பவே திடீர்னு ஏறி அடிக்கும். 2024 மே மாசம் நம்ம மாவட்டத்து லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவங்க அலையில போயிட்டாங்க, அந்த நேரம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. எச்சரிக்கை இருக்குற நாள்ல கல்லு மேல ஏறவே வேண்டாம். மத்த நாள்லயும் சிக்கு விழுந்தா கரைக்கு ஏறி வந்து உக்காந்து எடுங்க மக்கா, மீன் எங்கயும் போகாது.

எடுக்கும்போது ஸ்பூல கட்டை விரலால அழுத்திப் பிடிச்சு ஹேண்டில ரெண்டு சுத்து சுத்துங்க, அப்புறம் லைன மெதுவா இழுங்க, நிறைய சிக்கு இதுலயே விட்டுரும். பிரெய்ட (இழை பின்னுன லைன்) கையில சுத்தி வெட்டி இழுக்காதீங்க, சதைய அறுத்துரும். இன்னொண்ணு, பிரெய்ட் பாதி வீச்சுல இறுகி நின்னா லைன் அறுந்து லூர் மூணு கொக்கியோட பறக்கும், பக்கத்துல எவன் கண்ணு இருக்குன்னு அதுக்குத் தெரியாது. எறியுறதுக்கு முன்னாடி பின்னால பாருங்க, கண்ணாடி போடுங்க, பிள்ளைகள தள்ளி நிப்பாட்டுங்க.

வெட்டி எடுத்த சிக்க அங்கயே போட்டுட்டு வர்றத நிறுத்துங்க. சுசீந்திரம் தேரூர் சதுப்பு நிலம் 2022ல ராம்சர்ங்கற உலக சதுப்பு நிலப் பட்டியல்ல சேந்துச்சு, மணக்குடியில அலையாத்தி மரம் நிக்குது, அங்க வர்ற கொக்கும் நாரையும் கால்ல பிரெய்ட் சுத்திட்டா பறக்க முடியாம செத்துரும். ஒரு பிளாஸ்டிக் டப்பா பையில வச்சுக்கோங்க, வெட்டுன லைன் பூரா அதுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க.

சர்வீஸ் பக்கம் ஒண்ணு மட்டும் சொல்றேன். சென்ட்ரிஃபியூகல் ரீல்ல பின் உரசுற வளையத்துக்கு எண்ணெய் விடாதீங்க, வழுக்கிட்டு பிரேக் சரியா பிடிக்காது, "பிரேக் போச்சு"ன்னு வர்றதுல இதுவும் அடிக்கடி பாக்குறேன். பின் போடும்போது எதிரெதிரா போடுங்க, ஒரே பக்கம் போட்டா ஸ்பூல் அதிரும். கடல்ல எறிஞ்சுட்டு வந்தா டிராக்க முறுக்கிட்டு நல்ல தண்ணியில லேசா கழுவி, துடைச்சு நிழல்ல காய வச்சுட்டு டிராக்க தளத்திருங்க, வாளியில முக்காதீங்க.

சர்வீஸுக்குக் கொண்டு வரும்போது நாபையும் டயலையும் திருப்பாம எறிஞ்ச நிலையிலயே கொண்டு வாங்க, கூட நீங்க வழக்கமா போடுற லூரையும் எடுத்துட்டு வாங்க, அதக் கட்டி எறிஞ்சு பாத்துதான் செட் பண்ணித் தர முடியும்.