ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானால் அடுத்து என்ன?

"ஹைகோர்ட்லயே தள்ளுபடி ஆயிடுச்சு சார், இனி ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் வெளிய வருவாரு." குண்டாஸில் உள்ளே போனவரின் வீட்டார் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். கேஸ் கட்டைக்கூடக் கொண்டு வருவதில்லை.

குண்டாஸ் என்கிற 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டப்படி ஒருவரை அதிகபட்சம் 12 மாதம் தடுப்புக் காவலில், அதாவது வழக்கு விசாரணை இல்லாமலே சிறையில், வைக்கலாம். அதை எதிர்த்து, அடைத்தவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தால், அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடலாம். கெடு 90 நாள். ஆனால் 90 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்திலேயே பல மாதம் ஓடியிருக்கும். காவல் காலம் முடிந்துவிட்டால் மேல்முறையீட்டில் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படி டெல்லி வரை போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவரின் மனைவி நடத்தியது ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. உயர் நீதிமன்றம் 2010 டிசம்பரில் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2011 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு காவல் ஆணையை ரத்து செய்தது. ஏற்கெனவே சிறையில் இருந்தவரை எதற்குத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டும்? 'இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவரும் வந்துவிடுவார்' என்றது ஆணை. எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், என்ன தேதி, ஒரு விவரமும் அதில் இல்லை. அங்கேயே ஆணை விழுந்தது.

ராஜம்மாள் வழக்கு எனக்கு இன்னும் பிடித்தமானது. அதிலும் உயர் நீதிமன்றம் கைவிரித்திருந்தது. காவலை ரத்து செய்யக் கோரி கைதி தரப்பு அரசுக்கு அனுப்பிய முறையீட்டின் கோப்பு 9.2.1998 அன்று அமைச்சரிடம் போனது. அவர் கையெழுத்திட்டது 14-ஆம் தேதி. சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்றார்கள். அது ஒரு காரணமே அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஐந்து நாள் தாமதம்தான்!

அதனால்தான் கைதிக்குக் கொடுத்த புக்லெட்டை, அதாவது காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் சேர்ந்த தொகுப்பை, முதலில் கேட்கிறேன். குற்றம் செய்தாரா இல்லையா என்பது இந்த வழக்கில் பெரும்பாலும் எடுபடாது. வீட்டார் அதையேதான் மணிக்கணக்கில் சொல்வார்கள், பாவம். நான் தேடுவது வேறு. காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களைக் கொடுத்தார்களா? ஜெராக்ஸில் படிக்க முடியாத பக்கம் உண்டா? ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இருக்கிறதா? தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு, காவலுக்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணத்தைத் தமிழில் தராததற்காகவே பவுனம்மாள் வழக்கில் விடுதலை கிடைத்தது. அப்புறம், முறையீடு அரசுக்குக் கிடைத்ததிலிருந்து நிராகரித்தது வரை ஒவ்வொரு தேதியையும் வரிசையாக எழுதி, விடுமுறை நாட்களைக் கழித்துப் பார்ப்பேன்.

இதற்கிடையே முதலில் கைதான குற்ற வழக்கில் ஜாமீன் வாங்கினால் ஆள் வந்துவிடுவார் என்று சிலர் பணம் செலவழிக்கிறார்கள். குண்டாஸ் ஆணை நிற்கும்வரை அந்த ஜாமீனால் கதவு திறக்காது.

டெல்லிக்குச் செலவு செய்ய வழியில்லையா? காவலில் இருப்பவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். காவல் ஆணை, புக்லெட், தள்ளுபடித் தீர்ப்பின் நகல் மூன்றும் கூடவே போக வேண்டும். முதல் மனுவில் எடுக்காத புதுக் காரணம் கிடைத்தால், உயர் நீதிமன்றத்திலேயே இரண்டாவது ஆட்கொணர்வு மனு போடவும் தடையில்லை. லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது.