நுண்ணறிவு ஈவு: வகுக்காத எண்ணுக்கு ஏன் இந்தப் பெயர்?

பேச்சில் ஐக்யூ, பாடநூலில் ‘நுண்ணறிவு ஈவு’. இந்த ஈவு, வகுத்தல் கணக்கில் மீதியோடு சேர்ந்து வரும் அதே ஈவுதான். ‘ஈ’ என்னும் கொடுத்தல் வினையில் பிறந்த சொல். ஈவிரக்கத்தில் இருப்பதும் இதுவே.

பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-ல் அமைத்த சோதனையின் வினாக்கள், 1908 திருத்தத்தில் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. குழந்தை எந்த வயதுக்குரிய வினாக்கள் வரை விடை சொல்கிறதோ அது அதன் மனவயது. ஓராண்டு பின்தங்கல் 5 வயதில் பெரிது, 10 வயதில் சிறிது. கழித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. அதனால் 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். 1916-ல் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கிப் பயன்படுத்தினார். வயது 8, மனவயது 10 என்றால் 125. அதுவரை ‘ஈவு’ அச்சொட்டான பெயர்.

பெரியவர்களிடம் கணக்கு உதைத்தது. வயது ஏறிக்கொண்டே போகும், மனவயது ஏறாது; 40 வயதுக்காரர் எல்லாரும் மந்தமாகிவிடுவார்கள். டேவிட் வெக்ஸ்லர் 1939-ல் வெளியிட்ட சோதனையில் மனவயதையே விட்டுவிட்டு, ஒருவரை அவர் வயதுக் குழுவோடு ஒப்பிட்டார். இன்றைய முறையும் அதுதான்: குழுவின் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாகச் சிதறும் அளவு) 15. குழுச் சராசரி 50, விலக்கம் 8, ஒருவர் பெற்றது 58 எனில் அவர் ஒரு விலக்கம் மேலே, அதாவது 115; ஏறக்குறைய 84 விழுக்காட்டினரைவிட மேல். 100 என்பது முழு மதிப்பெண் அல்ல, நடுப்புள்ளி.

எனவே ‘நுண்ணறிவுக் குறியெண்’ என்பதே இன்றைக்குப் பொருந்தும். ‘அறிவு எண்’ கூடாது. கற்றறிந்ததையும் அறிவு என்கிறோமே. ‘நுண்ணறிவு’ என்ற ஒற்றைச் சொல்லிலும் ஒரு சார்பு உண்டு: உளவியலாளர் ஸ்பியர்மன் 1904-ல் சொன்ன, எல்லாத் திறன்களுக்கும் அடியில் இருக்கும் ஒரே பொதுக்காரணிக்கு அது பொருந்தும், உளவியலாளர் தர்ஸ்டன் 1938-ல் பிரித்த ஏழு முதன்மைத் திறன்களுக்குப் பொருந்தாது.

எண்ணை மட்டும் எழுதினால் குழப்பம்தான். பினே சோதனையின் அமெரிக்க வடிவமான ஸ்டான்ஃபோர்டு-பினேயின் பழைய பதிப்பில் விலக்கம் 16, அதனால் அங்கே 132 என்பது இங்கே 130. பல நாடுகளில் சராசரி பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்ந்துவந்ததால், பழைய அளவுகோலில் மதிப்பெண் ஊதிப்போகும். சோதனையின் பெயர், பதிப்பாண்டு, பிழை எல்லை மூன்றையும் உடன் எழுத வேண்டும்.