ஹைபர்னேட்டில் உள்ள கணினியும் அதன் வன்தட்டும்

நினைவகத்தில் (ரேம்) உள்ளதை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, மின்சாரம் அறவே இல்லாமல் காத்திருந்து, மீண்டும் இயக்கும்போது விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர வைப்பதுதான் ஹைபர்னேட். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், திருகோணமலையில் கடை வைத்திருப்போரும் வகுப்பு நடத்துவோரும் இந்த வசதியை நம்பியே வேலை பார்த்தார்கள். அந்த நம்பிக்கை தவறானதல்ல. ஆனால் ஹைபர்னேட்டில் உள்ள கணினியை அணைக்கப்பட்ட கணினி என்று எண்ணி அதன் வன்தட்டைக் கழற்றுவோர் இன்றும் இருக்கிறார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் ஆபத்து எங்கே என்பது விளங்கும். முதலில் எல்லா நிரல்களும் உறைய வைக்கப்படுகின்றன. பிறகு சாதனங்கள் நிறுத்தப்பட்டு, நினைவகத்தின் படிமம் நினைவகத்துக்குள்ளேயே நகலெடுக்கப்படுகிறது. நகலுக்கும் அங்கேயே இடம் வேண்டியிருப்பதால் படிமம் மொத்த நினைவகத்தின் பாதியை மிஞ்ச முடியாது. அதன்பின் சாதனங்கள் மறுபடியும் எழுப்பப்பட்டு, படிமம் வன்தட்டில் நினைவகத்துக்குத் துணையாக ஒதுக்கப்பட்ட ஸ்வாப் பகுதியில் எழுதப்பட்டு, மின்சாரம் நிறுத்தப்படுகிறது. அந்தப் படிமத்துக்குள் திறந்திருக்கும் ஆவணங்கள் மட்டுமன்றி, வன்தட்டில் எந்த இடம் காலி, எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் வைத்திருக்கும் கணக்கும் உறைந்து கிடக்கிறது. இடையில் வேறொருவர் வன்தட்டில் எழுதினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்; விழித்தெழும் கர்னலுக்கோ அது தெரியாது.

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் மடிக்கணினி, சீசன் தொடங்கும் வேளையில் என்னிடம் வந்தது. பேட்டரி குறைந்து அது தானாகவே ஹைபர்னேட்டுக்குப் போயிருந்த நேரத்தில், யாரோ வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, விடுதியின் படங்களை அதில் ஏற்றிவிட்டுத் திரும்பப் பொருத்தியிருக்கிறார். கணினி வழக்கம்போல் எழுந்தது. அன்று முழுவதும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் பழைய கணக்கின்படி காலி என்று கருதிய இடங்களில் முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொண்டே இருந்தது. ஒரு படத்தைத் திறந்தபோது மேற்பாதியில் கடற்கரையும் கீழ்ப்பாதியில் வெறும் சாம்பல் நிறமும் இருந்தன. அந்தக் கோப்பின் பின்பகுதியை எழுத்தாகப் படித்துப் பார்த்தால் விருந்தினரின் பெயர்களும் தேதிகளும் வரிசையாக வந்தன. படங்களில் பலவும் முன்பதிவுகளில் சிலவும் மீளவே இல்லை.

இயங்குதளத்தை வடிவமைப்போர் இதற்கு இன்னும் அதிகம் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணக் கணினிகளில் லினக்ஸ் படிமத்தை ஏற்கும் முன் நினைவகத்தின் அமைப்பு மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுகிறது; வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை மாறியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4, தான் கடைசியாக எப்போது எழுதப்பட்டது, எத்தனை முறை மவுண்ட் செய்யப்பட்டது (அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டது) என்பவற்றைத் தன் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கிறது. படிமத்தோடு அவற்றையும் சேமித்து, எழும்போது ஒத்துப்பார்த்து, வேறுபட்டால் படிமத்தைக் கைவிட்டால் சேமிக்காத வேலை மட்டுமே போகும், கோப்புகள் தப்பும். அந்தச் சோதனையை மவுண்ட் செய்யாமலே செய்ய வேண்டும் என்பது முக்கியம். படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தாலும், ஈஎக்ஸ்டி4 மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னலில் நிலுவையிலுள்ளதை நிறைவேற்ற வன்தட்டில் எழுதிவிடும். தொடக்க நிரல்கள் இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வைத் தொடுவதற்கு முன்பே படிமத்தைத் தேட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், படிமத்தில் கடவுச்சொற்களும் மறையாக்கத் திறவுகோல்களும் இருக்கக்கூடும். எனவே மறையாக்கம் செய்யாத ஸ்வாப்பில் அதை எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

யூபிஎஸ் வைத்திருப்போர் நேரத்தையும் கணக்கிட வேண்டும். நொடிக்கு 100 எம்பி எழுதும் சுழல்தட்டில் 4 ஜிபி படிமத்தை எழுத ஏறத்தாழ 40 நொடி ஆகும். தட்டு பழையதானால் அதற்கும் மேல். பழைய யூபிஎஸ் பேட்டரி தன் கடைசி நிமிடங்களைப் பற்றித் தரும் கணிப்பு நம்பத்தக்கதல்ல என்பதால், ஹைபர்னேட் தொடங்கும் எல்லையைப் பாதிச் சார்ஜுக்கு அருகில் வைப்பதே என் வழக்கம்.

விண்டோஸ் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் நிரல்கள் மூடப்படும், கர்னலோ ஹைபர்னேட்டுக்குத்தான் போகும். வன்தட்டைக் கழற்றுவதற்கு முன்போ அதே கணினியில் லினக்ஸைத் திறப்பதற்கு முன்போ, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். ஏற்கெனவே சாதாரணமாக அணைத்துவிட்டிருந்தால், மீண்டும் விண்டோஸைத் திறந்து இவ்வாறு அணைத்த பிறகே திருகாணியில் கை வையுங்கள்.