கேத் லேப் ஊழியர்களுக்கான கதிர்வீச்சு வரம்பு: உடலுக்கு ஒரு கணக்கு, கண்ணுக்கு ஒரு கணக்கு

ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் என எக்ஸ்-ரே பார்த்தபடியே செய்யும் இதய சிகிச்சைகள் நடக்கும் அறைதான் கேத் லேப். அங்கே நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்கள் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோர் மீதும் படுகின்றன. ஆண்டுக்கு எவ்வளவு வரை படலாம் என்பதற்குப் பல நாடுகளின் சட்டங்கள் சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரநிலையைப் பின்பற்றுகின்றன. நாட்டுக்கு நாடு எண்கள் சற்று மாறும். உங்கள் நாட்டு விதி எதுவோ அதுவே செல்லும்.

முழு உடலுக்கு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர் அளவான டோஸின் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. கை, கால், தோலுக்கு ஆண்டுக்கு 500. கண் லென்ஸுக்கு முன்பு 150 வரை அனுமதி இருந்தது. நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வருவது தெரிந்ததும், 2011-இல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் அதையும் உடலுக்கு உள்ள அதே 20-க்கு இறக்கப் பரிந்துரைத்தது. கேத் லேபில் முதலில் மீறப்படக்கூடிய வரம்பு இதுதான். ஆனால் பலர் பார்ப்பது உடல் கணக்கை மட்டும்.

காரணம் பேட்ஜ், அதாவது பட்ட கதிரின் அளவைப் பதிவுசெய்ய ஊழியர் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி. லெட் ஏப்ரனுக்கு (ஈயக் கவச அங்கி) உள்ளே ஒரே ஒரு பேட்ஜ் மாட்டினால், ஏப்ரன் தடுத்தது போக மிச்சம்தான் அதில் பதிவாகும். கண்ணுக்கு ஏப்ரன் கிடையாது. அதனால் இரண்டு பேட்ஜ் வேண்டும்: ஒன்று ஏப்ரனுக்கு உள்ளே, இன்னொன்று வெளியே கழுத்துப் பட்டையின் இடப்பக்கம். இடப்பக்கம்தான் பொதுவாக எக்ஸ்-ரே குழாய்க்கு அருகில் இருக்கும். முழு உடல் அளவைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் சூத்திரம்: உள் பேட்ஜ் × 0.5 + கழுத்துப் பேட்ஜ் × 0.025. ஒரு மாதத்தில் உள்ளே 0.2, கழுத்தில் 4 என்று வைத்துக்கொள்வோம். உடல் அளவு 0.1 + 0.1 = 0.2 மில்லிசீவர்ட், ஆண்டுக்கு 2.4, கவலையில்லை. கண்ணுக்கோ கழுத்து அளவையே தோராயமாக எடுத்தால், கண்ணாடி போடாதவருக்கு ஆண்டுக்கு 48. சராசரி வரம்பைப்போல இரு மடங்குக்கும் மேல்.

பேட்ஜ் எண் தவறாக வருவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். உள், வெளி பேட்ஜுகள் இடம் மாறிப்போவது. உள் எண் வெளி எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேட்ஜோடு ஏப்ரனை லேபுக்குள்ளேயே தொங்கவிடுவது. ஆளே இல்லாத நேரத்து டோஸும் அவர் பெயரில் ஏறும். மூன்றாவது எளிதில் கண்ணில் படாது: ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் பேட்ஜை கதிர் படும் இடத்தில் வைப்பது. அதன் எண்ணை மற்றவற்றிலிருந்து கழிப்பார்கள் என்பதால், எல்லோருடைய அளவும் பொய்யாகக் குறைந்துவிடும்.

பாதுகாப்புச் சாதனங்களைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை: முன்பக்கம் 0.5 மி.மீ. ஈயத்துக்கு இணையான ஏப்ரன், தைராய்டு காலர், பக்கவாட்டு மறைப்புள்ள ஈயக் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் திரை, மேசையோர ஈயத் திரை. தொங்கும் திரையை நோயாளியின் உடலை ஒட்டி இறக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தால் அது வெறும் அலங்காரம். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும். ஆண்டுக்கொரு முறையாவது ஃப்ளூரோவில் (நேரடி எக்ஸ்-ரே காட்சி) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்ஏஓ, அதாவது நோயாளியின் இடது முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கோணத்தில் குழாய் டாக்டர் பக்கம் சாய்வதால் சிதறலும் அதிகம். சினி பதிவு, அதாவது படத்தைச் சேமித்து எடுப்பது, ஃப்ளூரோவைப்போலச் சுமார் 10 மடங்கு டோஸ் தரும். அந்த நேரத்தில் வேலையில்லாத நர்ஸ் இரண்டடி பின்வாங்கினாலே பெரிய வித்தியாசம்.

கர்ப்பமானவர் அதைத் தெரிவித்ததும், மீதிக் கர்ப்பகாலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி பணியை மாற்றியமைக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்க முடியாது. கூடுதல் சம்பளமோ விடுமுறையோ கொடுத்துவிட்டு பாதுகாப்பில் கைவைக்கவும் முடியாது. தரநிலை இதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

உங்கள் டோஸ் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. உங்களுக்கு 75 வயது ஆகும் வரையும், வேலையை விட்டபின் குறைந்தது 30 ஆண்டுகளும் அதைப் பாதுகாக்க வேண்டும். 5 ஆண்டுக் கணக்கு ஆளைத் தொடர்வதே தவிர மருத்துவமனையை அல்ல. வேலை மாறும்போது பழைய பதிவின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை பார்த்தால், இரண்டு அளவுகளையும் கூட்டிய எண்ணே உங்கள் டோஸ்.